காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை: பேரிடரில் இறந்தவர்களுக்காக ஒரு பயிற்சி

ஜூலை 14, 2025, திங்கள். தண்டையார்பேட்டை

சென்ட்ரலில் மெட்ரோ ஏறி தண்டையார்பேட்டையில் இறங்கும்போது மணி பகல் 11. நிலையத்துக்குள் இருந்த குளிர் படியேறி வெளியே வந்ததும் போய்விட்டது. நாகப்பட்டினத்துக்காரிக்கு வெயில் புதிதில்லை. ஆனால் எங்கள் ஊரில் கடற்காற்று தெருவுக்குள் வந்துவிடும். இங்கே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று அதை மறித்துக்கொள்கின்றன.

நான் வருவாய் ஆய்வாளர். பேரிடரில் ஒரே நேரத்தில் பலர் இறந்துபோனால் உள்ளூர் அலுவலர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பயிற்சிக்காக வந்திருக்கிறேன். ஆணை வந்தபோது அலுவலகத்தில், "இதுக்கெல்லாமா பயிற்சி, எடுத்து அடக்கம் பண்ண வேண்டியதுதானே?" என்று ஒருவர் கேட்டார். நல்ல மனுஷர்தான், கேலியாகக் கேட்கவில்லை. அவரைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இந்த நாட்களை விரிவாக எழுதி வைக்கிறேன்.

தங்க ஏற்பாடு செய்திருந்த விடுதியில் இடம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கடிதத்தைக் காட்டினேன், பேரேட்டைக் காட்டினார்கள். வெயிலில் பெட்டியோடு நின்றிருந்தபோது ஓர் ஆட்டோ அண்ணன், "இன்னா மேடம், ரூம் இல்லியா? ஏறு, எம்.சி. ரோட்டாண்ட ஒரு லாட்ஜ் கீது, லேடீஸ்க்கு சேஃப்" என்றார். 60 ரூபாய் வாங்கிக்கொண்டு, வரவேற்பில் எனக்காகப் பேசி வாடகையை 1,200-லிருந்து 1,000 ஆக்கிவிட்டுத்தான் போனார். அறையில் ஏ.சி. சொட்டியது. பக்கெட்டை அடியில் வைத்தேன்.

ராத்திரிக்கு பர்மா பஜார் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டேன். ரங்கூனிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. நூடுல்ஸ், வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணி, பொரித்த பூண்டு எல்லாவற்றையும் கையால் பிசைந்து கொடுத்தார் கடைக்காரர். கூட வாழைத்தண்டு சூப். 80 ரூபாய். "காரம் ஓகேவாக்கா?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஜூலை 15, செவ்வாய். சமுதாயக் கூடம்

வகுப்பு ஒரு சமுதாயக் கூடத்தில். தாசில்தார்கள், வி.ஏ.ஓ.க்கள், எஸ்.ஐ.க்கள், சுகாதார ஆய்வாளர்கள், தீயணைப்புத் துறையினர் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் துப்புரவுப் பணியாளர்களும் மயானத்தில் வேலை பார்ப்பவர்களும். பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற தடய மருத்துவப் பேராசிரியர். வந்ததும் முதல் வேலையாகக் கடைசி வரிசையை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். "நான் பாடியைத் தொடுறதுக்கு முன்னாடி நீங்கதான் தொடுறீங்க. அந்த முதல் மணி நேரத்துல நீங்க தொலைச்சதை என்னால திரும்பக் கண்டுபிடிக்க முடியாது." அந்த இட மாற்றத்துக்கே பத்து நிமிஷம் ஆனது. சிலருக்கு முன்னால் வரக் கூச்சம்.

முதலில் எடுத்தது தொற்றுநோய் பயம். பிணங்கள் கிடந்தால் ஊருக்கே நோய் வரும் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் இறப்பவர்கள் அடிபட்டோ மூழ்கியோ நெருப்பிலோ இறக்கிறார்கள், நோயால் அல்ல. ஆரோக்கியமாக இருந்த ஒருவர் உடலில் செத்த பிறகு காலராவோ டைபாய்டோ புதிதாக முளைக்காது. குடிதண்ணீரில் உடல் கிடந்தால் வயிற்றுப்போக்கு வரலாம், அதற்குத் தண்ணீரில் குளோரின் போட வேண்டும். உடல்மீது சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கொட்டுவதால் பயன் இல்லை. தூக்குபவருக்குத்தான் கொஞ்சம் ஆபத்து: கையுறை, பூட்ஸ், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல். காலராவோ எபோலாவோ பரவும்போது இறந்தவர்களுக்கு மட்டும் விதிகள் வேறு.

இதைக் கேட்டபோது எனக்கு 2004 டிசம்பர் 26 சுனாமி ஞாபகம் வராமல் இருக்குமா? எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நான் அப்போது இளநிலை உதவியாளர். அக்கரைப்பேட்டைப் பக்கம் ஜே.சி.பி. குழி தோண்டியது. யாரும் கல்நெஞ்சோடு செய்யவில்லை. "சீக்கிரம் மூடலேன்னா மிச்சம் இருக்கறவங்களும் செத்துருவாங்க" என்று டாக்டர்களே சொன்ன நாள் அது. ராத்திரி பகலாக வேலை செய்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் போட்டோ எடுக்காமல், எண் போடாமல் போன உடல்கள் எத்தனையோ. பல வருஷம் ஒரு அம்மா ஒவ்வொரு டிசம்பரிலும் தாலுகா ஆபீசுக்கு வந்து, "எம் புள்ள எந்தக் குழியில கெடக்குதுன்னு மட்டும் சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நம்மைப் போன்ற வெப்பமான ஊரில் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முகம் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்றார் பேராசிரியர். தடயவியல் குழு ஊர் வந்து சேரவே அதைவிட நேரமாகலாம். ஆகவே முதல் போட்டோவை வி.ஏ.ஓ.வோ கான்ஸ்டபிளோ கையில் இருக்கும் போனில்தான் எடுக்க வேண்டியிருக்கும். உடலுக்கு நேர் மேலே நின்று, முழு உடல் ஒன்று, முகம் ஒன்று, தழும்போ பச்சை குத்தியதோ இருந்தால் அது தனியாக. எல்லாப் படத்திலும் எண் தெரிய வேண்டும்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இறந்தவர்களைக் கையாள்வதற்கென்று 2010-லேயே வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. கூடத்தில் அதை முன்பே படித்திருந்தவர்கள் இரண்டு பேர்.

மதியம் சாப்பாடு பொட்டலம்: சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, ஒரு வாழைப்பழம். பக்கத்தில் உட்கார்ந்த மயானப் பணியாளர் கொரோனா நாட்களைச் சொன்னார். 2020 ஏப்ரலில் இதே சென்னையில் தொற்றில் இறந்த மருத்துவர் ஒருவரைப் புதைக்க விடாமல் கூட்டம் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தது. அதே மாதம் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. "எங்க தெருவுலயும் ரெண்டு மாசம் யாரும் என் பொண்ணோட வெளாட வுடல மேடம்" என்றார். பொட்டலத்தில் இருந்த பழத்தை எனக்கே கொடுத்துவிட்டார், அவருக்குச் சர்க்கரையாம்.

ஜூலை 16, புதன். எண்ணூர்

காலையில் முதலில் எழுந்து நின்றோம். கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்து இன்றோடு 21 வருஷம். பேராசிரியர் எதுவும் பேசவில்லை, அந்த எண்ணை மட்டும் பலகையில் எழுதினார்.

பிறகு வேனில் எண்ணூர். திருவொற்றியூர் தாண்டிக் கரையோரச் சாலையில் போகும்போது ஒரு பக்கம் கடலரிப்புக்குக் கொட்டிய பாறைகள், ஒரு பக்கம் லாரிகள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுமுட்டி ரோட்டுக்கு ஓடிவந்த இடம் இது. யாரும் சாகவில்லை. எங்களோடு வந்த உள்ளூர் சுகாதார ஆய்வாளர் அந்த ராத்திரி பணியில் இருந்தவர். "காத்து கடல் பக்கம் அடிச்சிருக்கணும்னு வேண்டிக்கினேன், வேற என்னா பண்றது" என்றார். ரசாயனக் கசிவில் யாராவது இறந்தால் உடுப்பிலும் தோலிலும் அது ஒட்டியிருக்கும். தீயணைப்புத் துறை சரி என்று சொல்லும்வரை உடலை எடுக்க ஓடக்கூடாது. போபாலில் 1984-ல் இறந்தவர்களைக் கூட்டமாக எரித்தும் புதைத்தும் முடித்ததால் எத்தனை பேர் என்ற எண்ணே இன்றுவரை சர்ச்சையாக இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

ஒத்திகை ஒரு மைதானத்தில். சாக்கில் வைக்கோல் அடைத்து, பழைய சட்டை, புடவை, லுங்கி உடுத்தி நாற்பது பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். ஒரு பொம்மைக்குக் கொலுசு, ஒன்றின் பையில் வேறொருவர் ஆதார் அட்டை, ஒன்றுக்கு ஒரு கால் மட்டும். தனியாகக் கிடக்கும் கைகாலையும் ஒரு முழு உடல் போலவே எண்ணிட வேண்டும், "இது அவருடையதாத்தான் இருக்கும்" என்று எடுத்துப்போய்ச் சேர்க்கக் கூடாது. எங்கள் அணிக்கு "எண்ணூர்-ஆ" என்று பெயர். இடம், அணி, எண் மூன்றும் சேர்ந்ததுதான் ஓர் உடலின் அடையாளம். 017 என்று ஒருமுறை எழுதிய எண் வேறு எந்த உடலுக்கும் வரக்கூடாது. அட்டை உடலில், அதே எண் பையில், அதே எண் பொருட்களின் கவரில், படிவத்தில், போட்டோவில். நகையைக் கழற்றிப் "பத்திரமாக" வேறு இடத்தில் வைப்பதுதான் பெரிய ஆபத்து என்றார்கள். நல்லெண்ணத்தில்தான் அது நடக்கும்.

மூன்றரை மணிக்கு மேற்கே மணலி பக்கம் வானம் கறுத்தது. ஜூலை மாதம் சென்னையில் சாயங்கால இடி மழை வழக்கம்தான். ஆனால் இது கால் மணி நேரத்தில் எங்களைத் தெப்பலாக நனைத்துவிட்டது. பேராசிரியர் ஒத்திகையை நிறுத்தவில்லை. மழை விட்டுப் போய்ப் பார்த்தால், ஏற்பாட்டாளர்கள் தந்த தடித்த அட்டைகளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய எண்கள் நீல நீராக ஓடியிருந்தன. ஒரு அணி மட்டும் ஓர் எஸ்.ஐ. வீட்டிலிருந்து கொண்டுவந்த பெர்மனன்ட் மார்க்கரால் பிளாஸ்டிக் உறையில் எழுதியிருந்தது. அவர்கள் எண்கள் எல்லாம் இருந்தன. மீதி அணிகளில் பன்னிரண்டு "பேர்" எண்ணில்லாமல் போனார்கள்.

பேராசிரியர் கோபப்படவில்லை. அந்தப் பன்னிரண்டு பொம்மைகளையும் தனியாக வரிசையில் போடச் சொல்லி, எங்களைச் சுற்றி நிற்கவைத்தார். "புயல்ல செத்தவங்களை எடுக்கும்போது மழை பெய்யாதுன்னு யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டார். சாக்குப் பொம்மைகள்தான். அப்படியும் ஒரு பெண் கான்ஸ்டபிள் அழுதுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது.

திரும்பும் வழியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நின்றோம். நனைந்த துணியோடு வேனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு டீக்கடைக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து சாலையைக் கடந்து வந்து டீ கொடுத்தார். டீ 12, பஜ்ஜி 8. நீட்டிய டிப்ஸை வாங்க மறுத்துவிட்டார்.

ஜூலை 17, வியாழன். ஆடி முதல் நாள்

விடியற்காலை ஐந்து மணிக்கே ஸ்பீக்கர். லாட்ஜுக்குப் பின்னால் அம்மன் கோயிலில் ஆடி பிறந்துவிட்டது. தூக்கம் போனால் போகட்டும் என்று இறங்கிப் போனேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா, "வாம்மா, கூழு குடிச்சிட்டுப் போ" என்று சொம்பு நிறையக் கேழ்வரகுக் கூழ் ஊற்றி, சின்ன வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இன்றைக்கு முக்கியம் குடும்பங்களைச் சந்திக்கும் மேசை. காணாமல் போனவரைத் தேடி வருபவரிடம் என்ன கேட்பது? வயது, உயரம் எல்லாம் அப்புறம். ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, எலும்பில் பிளேட் வைத்திருக்கிறதா, பல் கட்டியிருக்கிறதா, பச்சை குத்தியிருக்கிறதா, கைரேகை எங்காவது பதிவாகியிருக்கிறதா. சிரித்தபடி இருக்கும் போட்டோவைக் கேட்டு வாங்கச் சொன்னார்கள். அதில் முன்பற்களின் அமைப்பு தெரியும், மண்டையோட்டுப் பல்லோடு ஒப்பிடலாம். கைரேகை, பல், டிஎன்ஏ மூன்றும்தான் உறுதியான அடையாளங்கள். சட்டை, பர்ஸ், போன் எல்லாம் துணைக்கு மட்டும். முகம் பார்த்து "ஆமா, எங்க அண்ணன்தான்" என்று சொல்வதில் தவறு நிறைய நடக்கிறது. அழுது வீங்கிய கண்ணுக்கு, யாராவது கிடைத்தால் போதும் என்ற மனசுக்கு, அப்படித்தான் தெரியும்.

2023 ஜூன் 2-ல் ஒடிசாவின் பாலசோரில் மோதியது சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரே உடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உரிமை கோரிய கதை அங்கே நடந்தது. டிஎன்ஏ முடிவுக்காகக் குடும்பங்கள் புவனேஸ்வரில் வாரக்கணக்கில் காத்திருந்தன. யாரும் கோராத 28 உடல்கள் அக்டோபரில்தான் தகனம் செய்யப்பட்டன. போன மாதம் அகமதாபாத்தில் விமானம் விழுந்து, அதில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அங்கேயும் பெரும்பாலானவர்களுக்கு டிஎன்ஏதான் பெயரைத் திருப்பிக் கொடுத்தது.

"முதல் ராத்திரி உடல்களை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டபோது முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாலசோர் விபத்தில் பஹனாகா பள்ளியில்தான் உடல்களைக் கிடத்தினார்கள். பிறகு பிள்ளைகள் வகுப்புக்கு வர மறுத்து, கட்டடத்தையே இடிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் மறுபடி உட்காரும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

காசிமேட்டுக்காரர் ஒருவர், "எங்களாண்ட ஐஸ் எவ்ளோ வேணும்னாலும் கீது சார்" என்றார். ஐஸ் கட்டி வேண்டாமாம்: உருகிய தண்ணீரில் உடல் ஊறிக் கெடும், இந்த வெயிலுக்கு எவ்வளவு கொட்டினாலும் போதாது. தேவை 2 முதல் 4 டிகிரி. அதற்கு ஏற்றது குளிர்சாதன கன்டெய்னர், 40 அடிப் பெட்டி ஒன்றில் ஏறக்குறைய 50 உடல்கள் வைக்கலாம். வடசென்னையில் இரண்டு நாளாக நான் சபித்துக்கொண்டிருந்த லாரிகளின் மீது இருப்பது அந்தப் பெட்டிகள்தான். இந்தப் பகுதிக்கு இது பெரிய வசதி. கேட்டவுடன் கிடைக்க, இன்றைக்கே யாரிடம் எத்தனை இருக்கிறது என்று பட்டியல் வேண்டும். கன்டெய்னரும் கிடைக்காவிட்டால் தற்காலிகமாகப் புதைக்கலாம்: ஒன்றரை மீட்டர் ஆழம், ஒரே வரிசை, உடலுக்கு உடல் 40 செ.மீ. இடைவெளி, ஒன்றின்மேல் ஒன்று கூடாது, தரைக்கு மேலும் எண் தெரிய வேண்டும். அடையாளம் தெரியாதவரை எரிக்கவே கூடாது. எரித்துவிட்டால் திருப்பிக் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

உடல் கிடைக்காவிட்டால் குடும்பம் என்ன ஆகும் என்பதை இரண்டாம் வரிசையில் இருந்த வழக்கறிஞர் சொன்னார். ஏழு வருஷம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகச் சட்டம் கருதும். அதுவரை மீனவர் மனைவிக்கு இறப்புச் சான்று இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, படகை விற்க முடியாது. 2021-ல் உத்தராகண்டில் வந்த சமோலி வெள்ளம் போன்ற நேரங்களில் அரசு தனியாக நடைமுறை வகுத்துச் சான்று கொடுத்தது. ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு ஆணைக்குக் காத்திருக்க முடியுமா? உடலுக்கு எண் போடுவதும் பென்ஷன் பேப்பரும் ஒரே கோப்புதான் என்று எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

மாலையில் ஒரு பிணவறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே பார்த்ததை எழுத எனக்கு உரிமை இல்லை. அங்கே வேலை செய்யும் உதவியாளர் ஒவ்வொரு உடலையும் திருப்பும்போது "ஒரு நிமிஷம்பா" என்று அவர்களிடமே சொல்கிறார். முப்பது வருஷமாக அப்படித்தானாம்.

ஜூலை 18, வெள்ளி. காசிமேடு, பாரிமுனை

விடிவதற்குள் காசிமேடு. தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்ததால் விசைப்படகு எல்லாம் கடலில், மீன் ஏராளம். ஏலக் கூச்சலில் காது அடைத்தது. சங்கரா கிலோ 350, நல்ல வஞ்சிரம் 1,100 சொல்லி 950-க்கு இறங்கினார்கள். ஊருக்கு எடுத்துப்போக முடியாது, ஆகவே பக்கத்தில் நெத்திலி வறுவலும் இட்லியும் சாப்பிட்டேன், 90 ரூபாய்.

மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் ஐஸ் பேச்சை எடுத்தேன். "அய்ய, அதெல்லாம் வேணாம் கண்ணு. ஐஸ் பாக்டரில பொணம் வெச்சாங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சின்னா எவன் எங்க மீனை வாங்குவான்?" என்றார். ஐஸ் வேண்டாம் என்பதற்கு மருத்துவக் காரணம் நேற்றே கேட்டாயிற்று. இந்தக் காரணத்தை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை, இதுவும் அதே அளவு பெரியது. ஆயிரக்கணக்கான குடும்பம் இந்தத் துறைமுகத்தில் பிழைக்கிறது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எங்கள் நாகை துறைமுகத்துக்கும் இது பொருந்தும்.

பிறகு பாரிமுனையில் மொத்த விலைக் காகிதக் கடைகள். பெர்மனன்ட் மார்க்கர் பெட்டி 10 பேனா 180 ரூபாய். கிழியாத பிளாஸ்டிக் அடையாள அட்டை நூறு 240. கட்டுவதற்கு நைலான் டேக் ஒரு பாக்கெட் 70. கடைக்காரப் பெரியவர் கல்யாண மண்டபத்துக்கா, எக்ஸ்போவுக்கா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு, அட்டைகளைத் தண்ணீர் டம்ளருக்குள் முக்கி, எழுதிய மை போகிறதா என்று அவரே தேய்த்துப் பார்த்தார். முதல் மார்க்கர் லேசாகக் கரைந்தது. வேறு கம்பெனி எடுத்துக் கொடுத்தார், அது நின்றது. பெட்டிக்கு 40 ரூபாய் கூடுதல்.

ரசீதை என் பெயரில் போடச் சொன்னேன். நிதி ஒதுக்கி வாங்க ஆறு மாதம் ஆகும், வடகிழக்குப் பருவமழைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது தாசில்தாருக்கு மனு எழுதி முடித்துவிட்டேன்: எங்கள் குறுவட்டத்தில் ஒவ்வொரு கடலோர வி.ஏ.ஓ.வுக்கும் ஒரு பை, அதில் மார்க்கர், அட்டை, டேக், கையுறை, படிவம். நாகையில் குளிர்சாதன கன்டெய்னர் வைத்திருப்பவர்கள் பட்டியல், போன் எண்ணோடு. பள்ளிக்கூடம் அல்லாத ஓர் இடம், முன்கூட்டியே முடிவு செய்து. இந்த டிசம்பருக்குள் ஒரு ஒத்திகை, முடிந்தால் மழை நாளில்.